ரூம் 31, ஏழாம் பெட்: ஜெபல் அலியில் ஒரு பழைய கேம்ப்பைத் தேடி

போன ஜனவரி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, அமீரகத்துக்கு வந்த புதிதில் நான் தங்கிய லேபர் கேம்ப்பைப் பார்க்க ஜெபல் அலிக்குப் போனேன். ஷார்ஜாவில் என் ஃப்ளாட்டிலிருந்து அறுபது கிலோமீட்டர் இருக்கும். இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு இருபத்தாறு வருடமாகப் போகாதவன் இப்போது ஏன் போனேன் என்பதற்கு முதலில் இங்கிலாந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மகள் அங்கே வேலை பார்க்கிறாள். செப்டம்பரில் போயிருந்தபோது அவள் ஊருக்கு வெளியே ஒரு புல்வெளிக்குக் கூட்டிப் போனாள். ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நடுவில் வரிசை வரிசையாகக் கான்கிரீட் தளங்கள், வேறொன்றும் இல்லை. போர்க்காலத்தில் இத்தாலியக் கைதிகளை அடைத்துவைத்த முகாமாம். போர் முடிந்தபின் அதே தகரக் கொட்டகைகளில் நாடு திரும்ப முடியாத போலந்துக் குடும்பங்கள் பல வருடம் வாழ்ந்திருக்கின்றன. ஊர் மக்களே சேர்ந்து அந்தக் கதைகளைச் சேகரித்து, ஊர்க் கூடத்தில் சனிக்கிழமைதோறும் காட்சிக்கு வைக்கிறார்கள். சுவரில் கையால் வரைந்த பெரிய வரைபடம். ஒவ்வொரு கொட்டகைக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் அதில் இருந்தவர்களின் பெயர்.

மேசையில் இருந்த வயதான அம்மாள் அந்த முகாமிலேயே பிறந்தவர். "இது எங்கள் வீடு, இங்கேதான் அடுப்பு" என்று விரலை வைத்துக் காட்டினார். சில கட்டங்கள் காலியாக இருந்தன. ஏன் என்று கேட்டேன். "யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை. அதற்காகத்தான் பென்சிலைக் கட்டி வைத்திருக்கிறோம்" என்றார். வரைபடத்தின் ஓரத்தில் நூலில் ஒரு பென்சில் தொங்கியது.

எனக்குப் பொறாமையாக இருந்தது, ஒளிக்க விரும்பவில்லை. எதிரி நாட்டுக் கைதி படுத்த இடத்துக்கே பென்சில் கட்டி வைத்திருக்கிறார்கள். நாங்கள் கைதிகள் இல்லை, விசா எடுத்து வந்தவர்கள். இங்குள்ள ஒரு தமிழ் அமைப்பின் விழா மலருக்குக் கேம்ப் வாழ்க்கையைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். "சார், கொஞ்சம் பாசிட்டிவா எதாவது..." என்று திருப்பித் தந்தார்கள். அந்த இடத்தில் பிரியாணி செய்முறை வந்தது. அதை நான் மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் இல்லை.

ஷார்ஜா திரும்பியதும் ரூம் 31-ஐ ஒரு சார்ட் பேப்பரில் வரைந்தேன். ஆறு இரட்டைக் கட்டில், கீழும் மேலுமாகப் பன்னிரண்டு பெட். ஆனால் ஆட்கள் இருபத்து நான்கு பேர். எங்கள் கம்பெனி பிளாண்ட் இருபத்து நாலு மணி நேரமும் ஓடிய காலம் அது. ஒரு பெட்டுக்கு இரண்டு பேர்: டே ஷிஃப்ட் ஒருவன், நைட் ஷிஃப்ட் ஒருவன். எங்கள் பஸ் காலை ஐந்துக்குக் கிளம்பும், அவர்கள் பஸ் ஏழுக்கு வந்து சேரும். சாயங்காலமும் அப்படியே. ஒரே மெத்தையில் படுத்தும் வெள்ளிக்கிழமை தவிர முகம் பார்க்க முடியாது. பெட்டைப் பகிர்பவனைப் 'பங்காளி' என்போம்.

டே ஆட்கள் பன்னிரண்டு பேரின் பெயரையும் எழுதிவிட்டேன். நைட் ஆட்களில் தெரிந்தது ஒரே பெயர், பழனிவேல். ஏழாம் நம்பர் கீழ் பெட்டில் என் பங்காளி, ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரன். மற்றவர்கள் பெயரெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். ஆனால் இருபத்தாறு வருடமாக நான் பேசாமல் இருப்பதும் அவனோடுதான்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவன் தலைக்கு வேப்பெண்ணெய் தேய்ப்பான். நான் வேதியியல் படித்த பட்டதாரி, ஸ்டோர் கிளார்க். சாயங்காலம் வந்து அந்த வாடையில் தலைவைக்க வேண்டியிருந்தது. சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கடைசி ஒரு மாதம் அவன் தலைவைத்த பக்கம் காலை நீட்டி, தலைகீழாகத் திரும்பிப் படுத்தேன். காலையில் பெட்டைப் பழையபடி சரிசெய்துவிட்டுப் போவேன்.

அப்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் என் அப்பா இறந்துபோன சேதி கேம்ப் ஆபீசுக்கு வந்தது. பெட்டுக்கு வந்த சேதியைப் பெட்டில் இருப்பவனிடம் சொல்வதுதான் அங்கே வழக்கம். கேம்ப்பைக் கவனித்துக்கொள்ளும் கேம்ப் பாஸ் வந்து பழனிவேலை எழுப்பிச் சொல்லியிருக்கிறார். அவன் என்னிடம் சொல்லவில்லை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் நான் டூட்டிக்குப் போனேன், கேரம் ஆடினேன், மட்டன் சாப்பிட்டேன். அந்த மூன்று நாளும் பெட்டில் எண்ணெய் வாடைகூடக் குறைந்திருந்தது, ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் மெஸ்ஸில் எல்லார் முன்னாலும், "அப்பன் செத்து மூணு நாளாச்சு, எப்படிங்க சிரிக்கிறீங்க?" என்று கேட்டான். எனக்குச் சேதி தெரிந்தது அப்படித்தான். அடுத்த வாரமே மேனேஜரைப் பிடித்து ஸ்டாஃப் பிளாக்குக்கு மாறிவிட்டேன்.

பழைய ரூம்மேட் ஒருவரிடம் அவன் நம்பர் வாங்கி, வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டேன்: "ஞாயிறு பத்து மணி, பழைய கேம்ப், ரூம் 31 பெயர்கள் எழுத." இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் இல்லை.

அன்று காலை ஷார்ஜா அல் ஜுபைல் பஸ் நிலையத்தில் 7.10-க்கு ஏறி, 7.55-க்கு துபாய் யூனியனில் இறங்கினேன். 12 திர்ஹம். அங்கிருந்து மெட்ரோவில் ஜெபல் அலி, 7.50 திர்ஹம், ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் உட்கார இடம் கிடைத்தது. ஸ்டேஷன் வாசலில் டாக்ஸி. ஓட்டுநர் பெஷாவர்க்காரர். இடத்தைச் சொன்னதும் இந்தியில் கேட்டார்:

"பாய், அங்கே ஒரே கண்டெய்னர். கேம்ப் மாஃபி, எதுவும் இல்ல. யாரைப் பார்க்கப் போறீங்க?"

"பழைய ரூமை."

கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார். "என் ரூம் அல் கூஸ்ல இருந்தது. இப்ப அந்த இடத்துல காபிக் கடை. ஒரு காபி குடிக்கலாம்னு போனேன், விலையைப் பார்த்துட்டு வெளியே வந்துட்டேன்" என்று சிரித்தார். ஒன்பது கிலோமீட்டர், மீட்டர் 26 திர்ஹம்.

கேம்ப் இல்லைதான். பின்பக்கத்து மதில் மட்டும் நின்றது. உள்ளே தரை முழுக்கப் பழைய கான்கிரீட், பாதியில் கண்டெய்னர்கள் மூன்றடுக்காக. எதிர்ப்பக்கம் ஒரு மலையாளி கஃபேடீரியா. அதன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பழனிவேல் உட்கார்ந்திருந்தான். முடி முழுக்க நரைத்திருந்தது. எழுந்திருக்கவில்லை.

"என்னா சார், ஸ்டாஃப் பிளாக்குலேருந்து நடந்தே வந்துட்டீங்களா?"

"டாக்ஸி."

"அதான பாத்தேன்."

டீ ஒன்றரை திர்ஹம்.  அவன் ஒரு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கேம்ப்பில் பிளம்பர். யார்டு காவலாளிக்கு அவனைத் தெரியும். "பாய், பத்து நிமிஷம்" என்றான், விட்டுவிட்டார். தனியாகப் போயிருந்தால் மதிலோடு திரும்பியிருப்பேன்.

உள்ளே எல்லாத் தரையும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்தது. அவன் குனிந்தபடி நடந்தான். தரையோடு வெட்டிவிட்ட குழாய்களின் வட்டங்களைக் காலால் தட்டிக் காட்டினான். "இது கிச்சன் லைன். இது கக்கூஸ் லைன். இங்கேருந்து கதவு கதவா எண்ணிக்கிட்டு வாங்க." எண்ணினேன். முப்பத்தொன்றில் நின்றோம். எட்டு எட்டு வைத்தால் அறை முடிந்துவிடுகிறது. இதற்குள் இருபத்து நான்கு பேர் எப்படி என்று எனக்கே சந்தேகம் வந்தது.

தரையில் சார்ட்டை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தோம். பென்சிலை வாங்கி அவன் சொல்லிச் சொல்லி எழுதினான். "ஒண்ணு கீழ, சேகரு. அவன் குறட்டைக்குப் பயந்து மத்தவனுங்க பகல்ல ஏசியே வேணாம்னு வெளிய படுப்பானுங்க. நாலு மேல, குமாரு. பொண்டாட்டி சேலையத்தான் திரையா கட்டியிருப்பான். டே ஆளு அதத் தொடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்." பத்து மேல் யார் என்று அவனுக்கும் ஞாபகம் வரவில்லை. கடைசிக்கு விட்டுவைத்த ஏழு வந்ததும் பென்சிலை என்னிடம் நீட்டினான்.

"இத நீங்களே எழுதுங்க. நான் எழுதுனா படிக்க மாட்டீங்க."

"என்ன சொல்றே?"

"எழுதித்தான வெச்சேன். நம்ம வழக்கப்படி, தலைமாட்டு மூலையில, மெத்தைக்கடியில."

அந்த வழக்கம் உண்மை. சோப்பு தீர்ந்தது, விளக்கு எரியவில்லை என்று எதுவானாலும் சீட்டு எழுதி அங்கேதான் வைப்போம். படுத்ததும் கையைவிட்டுப் பார்த்துக்கொள்வது.

"மூணு தடவ எழுதிக் கிழிச்சேன்" என்றான். "நான் எட்டாவது. நீங்க பட்டதாரி. அந்தச் சேதிலயும் தப்புக் கண்டுபிடிப்பீங்களோன்னு பயம். மூணு நாளும் நான் தரையிலதான் படுத்தேன். டூட்டி நடுவுல அழுகை வந்து திரும்பினா உங்களுக்குப் பெட்டு காலியா இருக்கணுமில்ல."

எண்ணெய் வாடை ஏன் குறைந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"நீங்க ஸ்டாஃப் பிளாக்குக்குப் போனப்புறம் மெத்தையத் தூக்குனேன். மடிச்சது மடிச்சபடியே கெடந்துச்சு. அத எடுத்துக்கிட்டு அங்க வந்தேன். வாட்ச்மேன் விடல. நீங்க ஜன்னல்லேருந்து பாத்தீங்க, திரைய இழுத்துவிட்டீங்க. வேணும்னேதான் படிக்கலன்னு நெனச்சேன். அன்னியோட போச்சு."

திரையை இழுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இருபத்தாறு வருடமாக அதை எனக்கு நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

"நான் தலைமாட்டுல தலை வெக்கல, பழனி" என்றேன். "ஒரு மாசமா திரும்பிப் படுத்திருந்தேன். என் கால்தான் அங்க இருந்தது."

"ஏன்?"

"உன் எண்ணெய் நாத்தம்."

அந்தத் தரையைப் பார்த்தான். பிறகு சிரித்தான். தலையைக் குனிந்து என் பக்கம் காட்டினான். "இப்பவும் அதேதான். மோந்து பாருங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தகனம் புதன்கிழமை நடந்தது. செவ்வாய் சாயங்காலமே படித்திருந்தாலும் நான் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. ஆனால் போன் பண்ணியிருக்கலாம். அம்மா அழுவதைக் கேட்டிருக்கலாம். "நீ ஏன் கூப்பிடவே இல்ல?" என்று அம்மா கடைசிவரை கேட்டாள். பங்காளி சொல்லவில்லை என்றுதான் கடைசிவரை பதில் சொன்னேன். மூன்று ராத்திரி அந்தச் சேதியின் மேல் காலை வைத்துத் தூங்கியிருக்கிறேன்.

"அந்தச் சீட்டு இருக்கா?"

"அன்னிக்கே கிழிச்சுட்டேன்."

"நீ என்ன எழுதியிருந்தேன்னு ஞாபகம் இருக்கா?"

"மூணு தடவ எழுதுனது மறக்குமா?"

பென்சிலைத் திருப்பிக் கொடுத்தேன். "எழுது. படிக்கிறேன்."

பத்து நிமிடம் முடிந்துவிட்டதென்று காவலாளி கையைக் காட்டினார். பழனிவேல் அவசரப்படாமல் எழுதினான்.

இதேபோல் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மொத்தப் பயணச் செலவு இருவழிக்கும் 91 திர்ஹம், டீ தனி. பஸ், மெட்ரோவுக்கான நோல் கார்டில் பணம் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள், மற்ற மாதங்களில் அந்தத் தரையில் நிற்க முடியாது. ஞாயிறு காலைதான் பழைய ஆட்கள் கிடைப்பார்கள். ஆட்கள் குடியிருக்கும் கேம்ப்புக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். போட்டோ எடுக்காதீர்கள், காகிதமும் பென்சிலும் போதும். கட்டடத்தைத் தேடாமல் குழாயைத் தேடுங்கள், அதைத் தோண்டி எடுக்க யாரும் மெனக்கெடுவதில்லை. முடிந்தால் பழைய பங்காளியைக் கூட்டிப் போங்கள். அவரைப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை.

ரூம் 31-ன் பத்து மேல், நைட், இன்னும் காலி. இதைப் படிக்கிற யாருக்காவது தெரிந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.

சார்ட் இப்போது என் ஹால் சுவரில் இருக்கிறது. நூலில் ஒரு பென்சில் கட்டியிருக்கிறேன். ஏழாம் கட்டத்தில் தலைமாட்டுப் பக்கம் பழனிவேலின் பெயர், கால்மாட்டுப் பக்கம் என் பெயர், தலைகீழாக. இரண்டுக்கும் நடுவே அவன் கையெழுத்தில்:

"பங்காளி, உங்க அப்பா காலைல தவறிட்டாங்க. இன்னிக்குப் பெட்டு முழுசும் உங்களுக்கு. நான் கீழ படுத்துக்கிறேன்."