ஆறு வாரம் செத்துக்கொண்டிருந்த மா பான்சு

இது நடந்த கதை. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. டாக்ஸிகளை வெயிலில் காயவிட்டு இந்த சூப் கடை மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நீங்கள் நால்வரும் நம்பிக் கேட்கலாம். என்ன யாங், சிரிக்கிறாய்? சொங், நீயுமா? சரி, சரி. கொஞ்சம் கூட்டித்தான் இருக்கிறது. எண் எங்கே வந்தாலும் பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள். அந்தச் செவ்வாய்க்கிழமையில் மட்டும் கை வைக்காதீர்கள். அது சத்தியம்.

மா பான்சு முப்பது வருஷமாகச் செத்துச் செத்துப் பிழைத்தவர். தொலைக்காட்சியில் துணை நடிகர். ஈட்டி குத்திச் செத்தார், வெள்ளத்தில் செத்தார், புலி அடித்துச் செத்தார். ஒரே போர்க் காட்சியில் இரண்டு பக்கத்துப் படையிலும் செத்திருக்கிறார். தொப்பியை மாற்றினால் போதும். மொத்தம் நானூறு சாவு. அத்தனை சாவிலும் அவருக்குக் கிடைத்த வசனம் ‘ஐயோ’ ஒன்றுதான். மனைவி ஓக்பூன், சந்தையில் கிம்ச்சி ஊறுகாய் விற்பவள். “எங்க வீட்டுக்காரர் நேத்து எப்படிச் செத்தாரு, பாத்தீங்களா?” என்று பெருமையாகக் கேட்டுக்கொண்டேதான் முள்ளங்கி நிறுப்பாள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் அவருக்கு முதல்முறையாக ஒரு மெத்தை கிடைத்தது. சேனல் பெயரைச் சொன்னால் வம்பு. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்று வைத்துக்கொள்வோம். சிவப்புச் சேனலில் திங்களும் செவ்வாயும் இரவு பத்து மணி நாடகம். பான்சுவுக்கு சோயா சாஸ் ஆலை முதலாளி வேஷம், சாகக் கிடக்கும் பெரியவர். படுக்கையருகே நிற்கும் இளைஞன் தன் மகனா இல்லையா என்று சொல்லிவிட்டுச் சாக வேண்டும். முழு வாக்கியம்! இரண்டாம் வாரமே சாவு என்றுதான் பேச்சு. கன்னம் ஒட்ட வேண்டுமே என்று பான்சு வெறும் அரிசிக் கஞ்சிக்கு மாறினார், தாடியும் விட்டார்.

அங்கேதான் சனி பிடித்தது. அதே திங்கள் செவ்வாயில், அதே பத்து மணிக்கு, நீலச் சேனல் ஒரு ராஜா கதையை இறக்கியது.

சிவப்பு பத்து ஐம்பதுக்கு முடித்தது. நீலம் பத்து ஐம்பத்து நாலுக்கு முடித்தது. அந்த நாலு நிமிஷத்தில், சிவப்பைப் பார்த்து முடித்தவர்கள் எல்லாரும் நீலத்துக்குத் தாவிவிட்டார்கள். எந்தச் சேனலை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மறுநாள் காலை வந்த எண்ணிக்கைத் தாளில் நீலம் மேலே, சிவப்பு கீழே. விடுவார்களா? அடுத்த முறை சிவப்பு பத்து ஐம்பத்தெட்டு. நீலம் பதினொன்று இரண்டு. எவன் முதலில் முடிக்கிறானோ அவன் தோற்றான் என்றானதும், இரண்டு பேருமே முடிக்க மாட்டேன் என்று நின்றார்கள். அதற்கடுத்த நிகழ்ச்சிக்குப் பாட வந்தவர் காத்திருந்து காத்திருந்து ஒப்பனையோடு தூங்கிப்போனார். அவர் எழுந்தபோது அவருடைய புதுப் பாட்டு பழைய பாட்டாகிவிட்டிருந்தது.

கூடுதல் நிமிஷங்களுக்குச் சிவப்பு எங்கே போகும்? பான்சுவின் மூச்சுக்குத்தான் போனது.

“அண்ணே, இன்னிக்கு மூணு நிமிஷம் பத்தல. மூச்ச இழுங்க” என்பார் இயக்குநர் குவாக்.

“ஏற்கெனவே இழுத்துக்கிட்டுத்தானேப்பா கெடக்கேன்?”

“இன்னும் கொஞ்சம் இழுங்க. விட்டுறாதீங்க.”

நம் பேச்சின் அமைப்பும் அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. ஆமாமா, இல்லையா என்பது வாக்கியத்தின் வாலில்தானே வரும்? “இந்தப் பையன்... என் மகன்...” என்பார் பெரியவர். இருமுவார். அடுத்து ‘தான்’ வருமா, ‘இல்லை’ வருமா? தொடரும். அடுத்த திங்கள்கிழமை மறுபடி ‘இந்த’விலிருந்து ஆரம்பம். ஒரு வாரம் முழுக்க ‘இந்த’ மட்டும்தான் சொன்னார். பத்து மணி அடித்தால் சியோல் தெருவில் கடிக்க வந்த நாய்கூடப் பாதியில் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

இப்படியே ஆறு வாரம். கஞ்சி குடித்துக் குடித்துப் பான்சு துரும்பாகிவிட்டார். பெல்ட்டில் புது ஓட்டை போட்டுப் போட்டு, பெல்ட்டே சல்லடையாகிவிட்டது. பஸ்ஸில் ஏறினால் ஆளாளுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, “மகன்தானே?” என்று காதில் கேட்டார்கள்.

இதெல்லாம் போகட்டும். மகள் மிரானுக்கு அடுத்த ஞாயிறு கல்யாணம். மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் சமையல்காரன். அதற்கடுத்த புதன்கிழமை பூசான் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் திரும்பி வர ஒன்றரை வருஷம். இந்த நேரத்தில் மாப்பிள்ளையின் தாயார், பியோ அம்மாள், கிம்ச்சிக் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

“சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. நீங்க எப்போ போறீங்க?”

“எங்கம்மா?”

அவள் ஒரு விரலை மேலே காட்டினாள். பான்சு கூரையைப் பார்த்தார்.

“அது என் கையில இல்லீங்க. நீலச் சேனல்காரன் கையில இருக்கு.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. சாகக் கெடக்குற மனுஷன் கையப் புடிச்சுக்கிட்டு என் மருமக மண்டபத்துக்குள்ள வரக் கூடாது. வந்தவங்க வாழ்த்துவாங்களா, அழுவாங்களா?”

“செத்துட்டா மட்டும் நல்லதாக்கும்?” என்றாள் ஓக்பூன், கத்தியை முட்டைக்கோஸில் குத்தி நிறுத்தி.

“செத்துட்டா ரொம்ப நல்லது! செத்துப்போனார்னு ஊரே அழுத மனுஷனுக்கு ஆயுசு நூறு. இப்படி ரெண்டுங்கெட்டானா இழுத்துக்கிட்டுக் கெடக்குறதுதான் ஆகாது. வர்ற செவ்வாய்க்கெழமைக்குள்ள முடிச்சுருங்க. இல்லேன்னா பையன் கப்பல்ல போயிட்டு வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்.”

வாசல்வரை போனவள் திரும்பிவந்தாள். “ஆமா... அந்தப் பையன் உங்க மகன்தானே?”

“எனக்கே தெரியாதும்மா.”

மிரான் கஞ்சிக் கிண்ணத்தை அப்பா முன்னால் வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள்.

“அப்பா, எனக்காக ஒண்ணே ஒண்ணு செய்வீங்களா?”

“சொல்லும்மா.”

“செத்துருங்கப்பா.”

எந்த மகளும் எந்த அப்பாவிடமும் இதை அவ்வளவு பாசமாகக் கேட்டிருக்க மாட்டாள். பான்சு கஞ்சிக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார். ஒன்றரை வருஷம்! கப்பல்காரன் மனசு எந்தத் துறைமுகத்தில் இறங்கும் என்று யாருக்குத் தெரியும்?

திங்கள் எபிசோடு இருமலிலேயே போனது. செவ்வாய் சாயங்காலம் ஐந்து மணிக்கு, அன்றைக்கு இரவே ஓட வேண்டிய காட்சிக்கான தாள் ஃபேக்ஸில் வந்தது. ஒரே தாள், தொட்டால் சுட்டது. ‘பெரியவர்: இந்தப் பையன் என் மகன்... (மூச்சு வாங்குகிறார். தொடரும்.)’

பான்சு தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளை.

“குவாக் தம்பி, என் சாவு எங்கப்பா?”

“அண்ணே, நீலக்காரன் இன்னிக்குப் பதினொண்ணு பத்து வரைக்கும் ஓட்டப் போறானாம். நீங்க உசுரோட இருந்தாத்தான் நான் உசுரோட இருப்பேன்.”

“என் பொண்ணு கல்யாணம்டா!”

“அடுத்த மாசம் கண்டிப்பாச் சாகடிச்சுர்றேன். என் ஆத்தா மேல சத்தியம்.”

“அப்போ அந்தக் கடைசி வார்த்தையையாவது சொல்லிடறேன். ‘தானா’, ‘இல்லையா’?”

குவாக் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “எழுதுற அம்மாவுக்கே தெரியாதுண்ணே.”

பான்சு படுத்தார். விளக்கு எரிந்தது. வெளியே, டேப்பை வாங்கிக்கொண்டு பறக்க வந்த மோட்டார் சைக்கிள்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு தடவை எடுக்கத்தான் நேரம். பான்சு இளைஞனின் கையைப் பிடித்தார்.

“இந்தப் பையன்...” என்றார். “என் மகன்...” என்றார்.

மூச்சை இழுத்தார். இழுத்த மூச்சை விடவே இல்லை.

முப்பது வருஷத்து வித்தையை எல்லாம் அந்த ஒரு சாவில் கொட்டினார். முதலில் விரல் தளர்ந்தது. பிறகு கண்ணில் இருந்த வெளிச்சம், யாரோ சுவிட்சைத் தட்டியதுபோல் போயிற்று. தலை தலையணையில் அரை அங்குலம் சரிந்தது. அரை அங்குலம்தான், அதற்கு மேல் சரிந்தால் கற்றுக்குட்டி. நாடகத்து மகன் வசனத்தை மறந்துவிட்டு நிஜமாகவே ஓவென்று அழுதான். விளக்குக்காரன் தொப்பியைக் கழற்றினான். குவாக்குக்கு ‘கட்’ சொல்ல வாய் வரவில்லை. எட்டு நிமிஷம் பான்சு மூச்சே விடவில்லை. அதையும் வெட்டிக்கொள்ளுங்கள்.

“அண்ணே! மூச்சு விடுங்கண்ணே! தாள்ல அப்படித்தான் இருக்கு!”

பான்சு ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “செத்தவன் எப்படிடா மூச்சு விடுவான்?”

மறுபடி எடுக்க நேரமில்லை. டேப் பறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மகள் கல்யாணம் பிழைத்தது. சேனலில் இனி நாய் வேஷம்கூடக் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டார். ஆனால் நடந்தது வேறு. பெரியவர் செத்ததை யாரும் நம்பவில்லை. எழுந்து அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லிவிடுவார் என்று நாடே திரையை முறைத்துக்கொண்டிருந்தது. நடிகர் பெயர் ஓடி, உடை கொடுத்த கடையின் பெயர் ஓடி, திரை கறுப்பாகும் வரை ஒருவரும் சேனல் மாற்றவில்லை. நீலத்தில் ராஜா வாளை உருவினார், பார்க்க ஆளில்லை.

காலையில் குவாக் போன் செய்தார். “அண்ணே! எண்ணிக்கையில நாமதான் மேல! உங்க சாவு அமோகம்! திங்கக்கெழமை ஆவியா வர்றீங்களா?”

“செத்தவங்க போன் எடுக்க மாட்டாங்க” என்று சொல்லி வைத்துவிட்டார் பான்சு. பிறகு ஓக்பூனிடம் திரும்பி, “பன்றிக்கறி இருக்கா?” என்றார். ஆறு வாரத்துக் கஞ்சியையும் அன்றைக்கே பழிவாங்கினார். தாடியைச் சிரைத்தபோது உள்ளேயிருந்து பத்து வயசு குறைந்த ஒரு ஆள் வெளியே வந்தார். நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த சோயா சாஸ் ஆலை எழுந்து போனதுபோல் இருந்தது அவருக்கு.

ஞாயிறு, மண்டப வாசல். மிரான் அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பியோ அம்மாள் குனிந்து வணங்கினாள்.

“நல்லபடியாச் செத்தீங்க சம்பந்தி. ரெண்டு நாளா நான் சோறே திங்கல.” அப்புறம் காதோரம் வந்தாள். “எனக்கு மட்டும் சொல்லுங்க. உள்ள வாத்தியம் வாசிக்கிறதுக்குள்ள சொல்லிருங்க. அந்தப் பையன்...?”

பான்சு உள்ளே பார்த்தார். அங்கே மாப்பிள்ளை, வெள்ளைக் கையுறையோடு, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவன்போல் தவித்துக்கொண்டு நின்றான். பான்சுவுக்குக் கண் கலங்கியது.

“இந்தப் பையன் என் மகன்தான்” என்றார். வாத்தியம் ஆரம்பித்தது. வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டு, மகளோடு உள்ளே நடந்தார்.

அன்றைக்கு அவர் ஆறு கிண்ணம் கல்யாண நூடுல்ஸ் சாப்பிட்டார். வெட்ட வேண்டாம், ஆறேதான்.

“பாத்தியா! மகன்தான்னு அவரே சொல்லிட்டாரு!” என்றான் யாங், மேஜையைத் தட்டி. “அன்னிக்கே சொன்னேன்ல!”

“யோவ், அவரு மாப்பிள்ளையச் சொன்னாருய்யா. நாடகத்துப் பையன் மகனே இல்ல” என்றான் சொங்.

“சம்பந்தியம்மா கேட்டது நாடகத்தத்தானே?”

“அவரு பாத்தது யாரைய்யா? மூக்கப் பாத்தியா நீ? அந்த முதலாளி மூக்கு எங்க, அந்தப் பய மூக்கு எங்க?”

“என் மூக்கப் பத்திப் பேசாத சொங்!”

“உன் மூக்க எவன்யா பேசினான்? கரண்டியக் கீழ வை. சொல்றேன்ல, வை கீழ, சூப்பு கொட்டுது...”