முறுக்காத நட்டுக்கு மஞ்சள் கோடு

சித்தப்பா வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு 'ரெண்டுதரம்' என்று பெயர். எதையும் ஒருதரம் பார்த்து விட்டுவிட மாட்டார். கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பார். நாலு படி இறங்கிய பிறகு திரும்ப ஏறி வந்து இன்னொரு முறை இழுப்பார். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட்டுகளைச் சோதித்து வரும் அவர், தாம் வசிக்கும் கட்டடத்தில் லிஃப்ட்டில் ஏறியதே இல்லை. "உள்ள என்னென்ன தேயும்னு தெரிஞ்சவன் எப்படி ஏறுவான்?" என்பார்.

அவருக்கு வாய்த்தவள் என் சித்தி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாற்பத்தோராவது வயதில், நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த கனமான மோட்டார் சைக்கிள் ஒன்றை யாரிடமும் சொல்லாமல் வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள். சித்தப்பா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். அவளைத் தடுக்க முடியாது, வண்டியையாவது தன் கையில் வைத்துக்கொள்வோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

சித்தி குள்ளம்; சீட்டில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை. சீட்டு உறையைப் பிரித்து, உள்ளே இருந்த நுரையை ரொட்டி வெட்டும் கத்தியால் இரண்டு விரற்கடை செதுக்கி, அவரே தைத்துக் கொடுத்தார். முதுகு வலிக்கிறது என்றதும் கைப்பிடியின் அடியில் அலுமினியக் கட்டை வைத்து உயர்த்தினார். பனியில் போகிறாள் என்று இரண்டு மஞ்சள் விளக்குகள். பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கும் அலுமினியப் பெட்டிகளை, புறப்படுவதற்கு முந்தைய நாள் எடை பார்க்கும் இயந்திரத்தில் வைத்துச் சமப்படுத்துவார். "நான் வெறும் டிரைவர். வண்டிக்குச் சொந்தக்காரர் இவர்தான்" என்று சித்தி வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவர் அந்த வண்டியை ஒருநாளும் ஓட்டியதில்லை.

போன வருடம் வேலை கிடைத்து நான் அவர்கள் வீட்டுக்கு வந்தேன். நானும் அதிகம் பேச மாட்டேன், அவரும் பேச மாட்டார். சனிக்கிழமைகளில் அவர் கேட்கிற ஸ்பானரை எடுத்துக் கொடுப்பேன். வேறொரு வேலையும் என்னிடம் இருந்தது. லிஃப்ட் கம்பெனியில் ஒரு போல்ட்டை முறுக்கியதும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பார்கள். போல்ட் தளர்ந்து திரும்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். முறுக்குகிறவர் ஒருவர், கோடு போடுகிறவர் வேறொருவர். அந்த வழக்கத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். அவர் முறுக்க முறுக்க, நான் பின்னாலேயே கோடு போட்டுக்கொண்டு வருவேன்.

கம்பெனியில் கோடு போடுகிறவர், போடும் முன் தானும் ஒருமுறை ஸ்பானரை வைத்து இழுத்துப் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியாது. அவர் அதைச் சொன்னதில்லை. அவருக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது.

அந்தச் சனிக்கிழமை சங்கிலியின் தொய்வை எடுத்துக்கொண்டிருந்தோம். மறுநாள் விடியற்காலையில் சித்தி மலைக்குப் போகிறாள். பின்சக்கரத்தைத் தாங்கும் அச்சின் பெரிய நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி, நட்டைக் கையால் மட்டும் ஏற்றி வைத்தார். பிறகு பிரேக்கின் சிறிய போல்ட்டுகளை முறுக்கினார். அப்போது போன் வந்தது. எங்கோ ஒரு கட்டடத்தில் ஐந்தாவது மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். கையைத் துடைத்தபடி ஓடினார். திறந்த பெயிண்ட் காய்ந்து போகிறதே என்று, கோடு இல்லாத இடங்களில் எல்லாம் நான் போட்டு முடித்தேன். பெரிய நட்டிலும் போட்டேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தவர் டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லாக் கோடுகளும் நேராக இருந்தன. கை கழுவிக்கொண்டார்.

மறுநாள் ஐந்தரைக்கு சித்தி கிளம்பினாள். ஏழரைக்கு முதல் நிறுத்தத்திலிருந்து போன் செய்தாள். "வண்டி வெண்ணெய் மாதிரி போகுது. நிம்மதியாத் தூங்குங்க." ஒன்பது மணிக்குச் சித்தப்பா கருவிகளை எடுத்து வைக்க உட்கார்ந்தார். டார்க் ரெஞ்சைக் கையில் எடுத்தவர் அதையே பார்த்தபடி இருந்துவிட்டார். எவ்வளவு இறுக்கம் வேண்டுமோ அந்த எண்ணை அதில் வைத்து இழுத்தால், அந்த அளவு வந்ததும் அது 'டிக்' என்று சொல்லும்.

"இருபத்திநாலுல நிக்குது" என்றார்.

"என்ன சித்தப்பா?"

"சின்ன போல்ட்டுக்கு இருபத்திநாலு. பெரிய நட்டுக்கு நூறு வைக்கணும். நான் நூறு வைக்கவே இல்லையே." பிறகு தனக்குத்தானே, "ஆனா கோடு இருந்துச்சே" என்றார். என் பக்கம் திரும்பினார். "நீ இழுத்துப் பார்த்துட்டுத்தானே போட்டே?"

"எதை இழுத்து?"

அவர் முகம் வெளிறியதைப் பார்த்தேன். யாருக்கோ பாடம் எடுப்பதுபோல் மெதுவாகச் சொன்னார்: "நட்டு கழலும். சக்கரம் கோணும். சங்கிலி எகிறிச் சக்கரத்துல மாட்டிக்கும்." மலை வளைவுகளைப் பற்றி அவர் சொல்லவில்லை.

பதினொரு முறை அழைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. ஓட்டும்போது போனை எடுக்கவே கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியவர் அவர்தான்.

ஒவ்வொரு பயணத்துக்கும் வழியில் இருக்கும் மெக்கானிக்குகளின் எண்களை அவர் ஒரு தாளில் எழுதி வைப்பது வழக்கம். மலையடிவாரத்தில் ஒரு பஞ்சர் கடை இருந்தது. அவள் அதைத் தாண்ட இன்னும் அரைமணி ஆகலாம், தாண்டியும் இருக்கலாம். போனை ஸ்பீக்கரில் போட்டார். கடைக்காரரை அழைத்தார்.

"சாம்பல் கலர் வண்டிங்க. ரெண்டு பக்கமும் பெட்டி. ஓட்டறது என் வீட்டம்மா. கொஞ்சம் நிறுத்தணும்."

"ஹெல்மெட்டுக்குள்ள வீட்டம்மாவா வீட்டய்யாவான்னு எனக்கு எப்படி சார் தெரியும்?" என்றார் பஞ்சர்கடைக்காரர். "ஞாயித்துக்கிழமை வேற. பெட்டி கட்டின வண்டியா போகுது."

"எல்லாரையும் நிறுத்துங்க."

"நிறுத்தினா என்னை அடிப்பாங்க."

"அண்ணே, பின்சக்கரத்து நட்டு முறுக்கல."

"எவன் அப்படி அனுப்பினான்?"

"நான்தான்."

"போனை வைங்க" என்றார் அவர்.

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். என் நகக்கண்ணில் மஞ்சள் பெயிண்ட் இருந்தது. அதைச் சுரண்டக்கூடப் பயமாக இருந்தது. ஒன்பது நாற்பது ஆயிற்று. ஒன்பது ஐம்பது ஆயிற்று. சித்தப்பா உட்காரவில்லை, நடக்கவில்லை, போனைப் பார்த்தபடியே நின்றார். தெருவில் ஏதோ வண்டி பிரேக் போட்ட சத்தத்துக்கு இருவரும் திடுக்கிட்டோம்.

பத்து மணி நாலு நிமிடத்துக்கு அழைப்பு வந்தது.

"யாருங்க இந்த ஆளு? ரோட்டுக்குக் குறுக்க டயரை உருட்டிவிட்டு நிறுத்தறாரு" என்று சித்தியின் குரல் கோபமாக ஆரம்பித்தது. பின்னணியில் பஞ்சர்கடைக்காரர், "அம்மா, இதைப் பாருங்க. வெறுங்கையில சுத்துது" என்றார். பிறகு சித்தி, அவளிடம் நான் கேட்டிராத சின்னக் குரலில், "கை நடுங்குதுங்க. நீங்க வாங்க" என்றாள்.

அவர் டார்க் ரெஞ்சைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறப் போனார். என்னைத் திட்டவில்லை. "சொல்லித் தராதது என் தப்பு" என்று மட்டும் சொன்னார். அது எனக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை.

மூன்றரைக்கு மேல் சித்தப்பாவின் போனிலிருந்து சித்தி கூப்பிட்டாள். "முறுக்கியாச்சு. நாலுதரம் பார்த்தாச்சு. நடுக்கமும் போயிடுச்சு. இப்ப சாவியத் தர மாட்டேங்கறார் இந்த மனுஷன். வண்டிய லாரியில ஏத்தணுமாம். நீ சொல்லு, நீ சொன்னா கேப்பார்."

போன் கைமாறியது.

"நீ என்ன சொல்றே?" என்றார் சித்தப்பா.

காலையிலிருந்து அவள் விழுந்துகொண்டே இருந்தாள் என் கண்ணுக்குள். வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"நட்டு சரியா இருக்கா, சித்தப்பா?"

"இருக்கு."

"அப்ப குடுத்துடுங்க."

சாவிக்கொத்து குலுங்கியது. எஞ்சின் உறுமி எழுந்து, மேலே ஏறும் பாதையில் மெலிந்து மெலிந்து, ஒரு வளைவில் மறைந்து போனது. அவர் போனை வைக்கவில்லை.

"அடுத்து எப்ப நிக்கச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஐந்தரைக்கு."

அப்போது மணி நாலுகூட ஆகவில்லை.