மீன் கழுவிய தண்ணீர்

என் சித்தப்பா பொய் சொல்கிறார். வீட்டுச் செடிகளுக்குச் சமையலறை வைத்தியம் சொல்லிக்கொடுக்க அவர் ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறார். போன வாரம் போட்ட வீடியோவில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்க சொந்த அக்கா, கஞ்சித்தண்ணிய ஊத்தி ஊத்தி ஒரு ஆந்தூரியத்தைக் கொன்னவளாக்கும். நீங்க அப்படிச் செய்யாதீங்க." கீழே கமெண்டில் பலர் சிரித்து வைத்திருக்கிறார்கள்.

அந்த அக்கா என் அத்தை. அந்தச் செடி செத்தபோது நான் அதன் பக்கத்தில் படுத்திருந்தேன். எட்டு வயது எனக்கு.

எங்கள் பக்கத்தில் குடும்ப வீடு கடைசி மகனுக்குத்தான். அதனால் அது சித்தப்பாவின் வீடு. புருஷன் வீட்டை விட்டு வந்த அத்தைக்கு அங்கே பின்னறை கிடைத்தது. அதே புரயிடத்தில், அந்த வீட்டு மனையிலேயே, ஒரு பலாமரம் தள்ளி எங்கள் வீடு. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகிறவர்கள். எனக்குக் காய்ச்சல் வந்தால் சித்தப்பா வீட்டு வராந்தாவில் பாய் போட்டுப் படுக்க வைத்துவிடுவார்கள். அந்த மழைக்காலம் முழுக்கக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது.

படுத்துக்கொண்டு பார்த்தால் அத்தையின் தொட்டிகள் காடு மாதிரி இருக்கும். விடியும்போதே அவள் வந்துவிடுவாள். உப்புப் போடாத கஞ்சித்தண்ணீரில் பச்சைத்தண்ணீர் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவாள். தேயிலைச் சக்கையைச் சீனி போக அலசி வேரில் போடுவாள். முட்டைத்தோட்டை நொறுக்கித் தூவுவாள். தண்டு முறிந்த இடத்தில், என் முழங்கால் காயத்தில் வைப்பதுபோலவே மஞ்சள்பொடி வைப்பாள். நனைந்த துணியால் இலைகளைத் துடைத்துவிட்டு, அதே கையால் என் நெற்றியைத் தொடுவாள். குளிர்ந்திருக்கும். நானும் ஒரு தொட்டியில் இருப்பதாக நினைத்துக்கொள்வேன். எனக்கும் இலை வரும், யாராவது துடைப்பார்கள் என்று நினைத்தபடியே தூங்கிப்போவேன். மழை ஓட்டில் விழுந்துகொண்டே இருக்கும்.

ஆந்தூரியம் அவள் புருஷன் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரே பொருள். அந்த வருஷம் அதில் மொட்டுகள் வந்தன. சபையில் அத்தை கடைசி பெஞ்சில்தான் உட்காருவாள், யாரும் அவளோடு அதிகம் பேசுவதில்லை. ஒருநாள் போதகரின் மனைவி வீட்டுக்கு வந்து, அறுப்பின் பண்டிகைக்கு அந்தத் தொட்டியை ஆல்டர் பீடத்தின் முன்னால் வைக்கக் கேட்டார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அழுதாளா சிரித்தாளா தெரியாது. புருஷன் வீட்டிலிருந்து அவள் திரும்பி வந்தபிறகு அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

சித்தப்பாவுக்கு அவசரம். சபைக் கமிட்டியில், "எங்க வீட்டு ஆந்தூரியமாக்கும் வருது, பாத்துக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். மொட்டு விரிய வேண்டுமே. பொழியூர்க் கடற்கரையிலிருந்து சாளை மீன் வரும். சித்தி அதைக் கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவி, அந்தத் தண்ணீரைத் தென்னை மூட்டில் கொட்டுவாள். தென்னை குலைகுலையாய்க் காய்க்கும். தென்னைக்கு ஆகிறது தொட்டிச்செடிக்கும் ஆகும் என்று சித்தப்பா முடிவு செய்துகொண்டார். அத்தை பாறசாலைக்குத் தையல் வேலைக்குப் போனதும் வருவார். காய்ச்சல் மயக்கத்தில் அவர் வானம் வரை உயரமாய்த் தெரிவார். வாளி சாயும். தண்ணீர் வெள்ளிச் செதில்களோடு மின்னிக்கொண்டு இறங்கும். மீனெல்லாம் தொட்டிக்குள் நீந்தப் போகிறது என்று நினைத்தேன். அழகாக இருந்தது.

இலை ஓரம் கருகியது. மொட்டுகள் கறுத்துத் தலை தொங்கின. பண்டிகைக்கு முந்தின நாள் சபையிலிருந்து தொட்டியை எடுக்க வந்தவர்கள் முற்றத்தில் நின்று பார்த்தார்கள்.

சித்தப்பா முந்திக்கொண்டார். "என்ன செய்ய? தினமும் கஞ்சித்தண்ணி ஊத்துனா எப்படிப் பொழைக்கும்? அவ கைராசி அப்படி."

அத்தை குனிந்து ஒரு சிட்டிகை மண் எடுத்தாள். மோந்தாள். நாக்கு நுனியில் வைத்தாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள்.

நான் பாயில் எழுந்து உட்கார்ந்து சொன்னேன். "சித்தப்பாவாக்கும் ஊத்துனது. மீனு தண்ணி. நான் கண்டேன்."

"காய்ச்சல்ல பிச்சும் பேயும் பறயுது பிள்ள" என்று சித்தப்பா சிரித்தார். வந்தவர்களும் சிரித்தார்கள்.

"இல்ல, நான் கண்..."

அத்தையின் கை என் வாயை மூடியது. மண் ஒட்டிய கை. "மிண்டாத மக்கா" என்றாள் காதுக்குள். "அத்தைக்கு வேண்டியாக்கும், மிண்டாத."

மறுநாள் ஆல்டர் முன்னால் வேறு வீட்டுக் குரோட்டன்ஸ் நின்றது. கைராசி இல்லாதவள் என்ற பேர் அத்தைக்கு நிலைத்துப்போனது. அதற்குப் பிறகு அவளிடம் நடுவதற்கு ஒரு கம்புகூட யாரும் ஒடித்துக் கேட்கவில்லை.

அத்தைக்கு என்மேல் கோபம் என்று வெகுநாள் நினைத்தேன். உண்மை தெரிந்தும் என் வாயை ஏன் மூடினாள்? மண்ணை மோந்து, அதில் உப்பை ருசித்த நொடியில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அன்று ராத்திரி எந்த வீட்டில் படுப்பது என்று மட்டும் தெரியவில்லை. அது எட்டு வயதில் எப்படிப் புரியும்?

இப்போது நெய்யாற்றின்கரையில் என் வாடகை வீட்டில் அவளுக்கு ஓர் அறை இருக்கிறது. நேற்று வந்துவிட்டாள். இனி என் வாயை மூட ஆள் இல்லை. சித்தப்பா, என்னைப் போனில் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். அதே சேனலில், அதே ஆட்கள் கேட்கச் சொல்லுங்கள். அந்த ஆந்தூரியத்தைக் கொன்றது யார்?