உடைஞ்ச கூரை மேல நான் கேட்ட குரல்

இதைப் படிக்கிற எல்லாருக்கும் ஆண்டவருடைய சமாதானம் இருக்கட்டும். என் பேரு சுகந்தி. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல ஐயம்பேட்டையில இருக்கோம். போன வருஷம் தீபாவளி முடிஞ்ச வாரம், ஒரு வியாழக்கிழமை, எங்க வீட்டுல நடந்ததை நடந்தபடியே சொல்றேன். எனக்கு அலங்காரமா எழுத வராது. இப்பவும் அதை நெனச்சா உள்ளங்கை வேர்க்குது.

என் வீட்டுக்காரர் பேரு சாமுவேல். கூரை ஷீட்டு போடுற வேலை. ஒரகடம் பக்கம் கம்பெனி ஷெட்டுங்க, கோழிப் பண்ணை, கல்யாண மண்டபம், எல்லா இடத்துக்கும் போவார். ஆவணி மாசம் ஒரு பழைய ஷெட்டுல வேலை செஞ்சிக்கினு இருக்கும்போது கால் வெச்ச ஷீட்டு ஒடஞ்சி அப்படியே கீழ விழுந்துட்டார். முதுகெலும்புல அடி. ஆபரேஷன் பண்ணாங்க. அப்புறம் ஒரு எடத்துல சீழ் புடிச்சி மறுபடியும் திறந்து தையல் போட்டாங்க. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னார். அவரு தானா எழுந்து உக்காரக் கூடாது, பொரட்டும்போது மரக்கட்டைய பொரட்டுற மாதிரி மொத்தமா பொரட்டணும், தையல் மேல தண்ணி படவே கூடாது.

உடம்பு வலியைக் கூட நான் தாங்கிக்கினேன். அவரு பேச்ச நிறுத்திட்டதத்தான் தாங்க முடியல. ஆஸ்பத்திரியில ஒரு நாள், "நான் அங்கியே செத்துப் போயிருக்கணும்"னு சொன்னார். அதுதான் கடைசி. வீட்டுக்கு வந்த பிறகு சாப்பிடச் சொன்னா வாயத் திறப்பார், மாத்திரை குடுத்தா முழுங்குவார், கேட்டதுக்குத் தலை ஆட்டுவார். மீதி நேரம் சுவரைப் பாத்துக்கினு இருப்பார். பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணா கண்ண மூடிக்குவார். ஆமென் வராது. நல்லா பாடுற மனுஷன் அவரு. வேலை முடிஞ்சி பைக்ல வரும்போதே தெருமுனையில பாட்டு கேக்கும். அந்த வீட்டுல மிக்ஸி சத்தம் தவிர வேற சத்தமே இல்லாம போச்சி. நான் சமையல் கட்டுல நின்னு, "ஆண்டவரே, அவரு நடக்கறது உம்முடைய சித்தம். ஒரு வார்த்தை மட்டும் பேச வையும்"னு அழுவேன்.

அந்த வியாழக்கிழமை காலையிலேர்ந்தே புயல் காத்து. மத்தியானம் நான் அவருக்குக் கஞ்சி ஊட்டிட்டு கிண்ணத்தைக் கழுவ எழுந்தேன். தலைக்கு மேல இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். பின்னாடி இருக்கிற தென்ன மரத்துலேர்ந்து குலையோட மட்டை முறிஞ்சி எங்க கூரையில விழுந்திருக்குது. எங்களுது சிமெண்ட் ஷீட்டு கூரைதான். ஒரு ஆள் நுழையுற அளவுக்கு ஓட்டை. துண்டு துண்டா அவரு கால் மாட்டுல கொட்டிச்சி. மழை அருவி மாதிரி உள்ள எறங்கிச்சி.

ஓடிப் போய் மெயினை அணைச்சேன். இருந்த பிளாஸ்டிக் கவரு, ரெயின் கோட்டு எல்லாத்தையும் அவரு மேல போட்டேன். தண்ணி முதுகுக்கு அடியில போவாம இருக்க குடையை விரிச்சி பக்கத்துல சாய்ச்சேன். அப்பத்தான் அண்ணாந்து பாத்தேன். பெரிய துண்டு ஒண்ணு, ஒரே ஒரு போல்ட்டுல மாட்டிக்கினு, அவரு நெஞ்சுக்கு நேரா தொங்குது. காத்து அடிக்கிறப்பல்லாம் ஆடுது. ஆடும்போது கரகரன்னு சத்தம்.

கட்டிலை இழுக்கலாம்னு பாத்தேன். ஒரு பக்கம் சுவரு, ஒரு பக்கம் பீரோ. கொஞ்சம் இழுத்ததுக்கே அவரு வலியில கத்தினார். கையை எடுத்துட்டேன். பாஸ்டருக்குப் போன் போட்டேன், டவர் இல்ல. ஆம்புலன்ஸுக்கும் லைன் போகல. வாசல்ல நின்னு கூப்பிட்டேன். ஆம்பளைங்க எல்லாம் வேலைக்குப் போன நேரம், மழை சத்தத்துல என் சத்தம் எனக்கே கேக்கல.

பக்கத்து வீட்டு காமாட்சி அக்கா மட்டும் தலையில சாக்கைப் போட்டுக்கினு ஓடி வந்தாங்க. அவங்க நெசவு நெய்யிறவங்க. நெத்தி நெறைய விபூதி இருக்கும், பிரதோஷம் தவறாம கோயிலுக்குப் போறவங்க. அவங்க வீட்டுக்காரர் நெய்ஞ்ச பொடவையைக் குடுக்க டவுனுக்குப் போயிருந்தார். உள்ள வந்து தொங்குற துண்டைப் பாத்தாங்க. அப்படியே வாயைப் பொத்திக்கினாங்க.

கீழேர்ந்து கொம்பால தட்டினா அது அவரு மேலதான் விழும். மேல ஏறித்தான் எடுக்கணும். ஓட்டையை மேலேர்ந்துதான் மூடணும். ரெண்டு பேருக்கும் அது புரிஞ்சிச்சி. அக்காவுக்கு முட்டி வலி, ஏணியில ரெண்டு படி ஏறுறதே கஷ்டம். நான்தான் ஏறணும்.

அன்பானவங்களே, உண்மையைச் சொல்றேன். என் வீட்டுக்காரரை ஒடச்சிப் போட்டது இதே மாதிரி ஒரு ஷீட்டுதான். அதே ஷீட்டு மேல நான் ஏறி, நானும் விழுந்தா, அவருக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்க யாரு இருக்கா?

"மூடுறதுக்கு இன்னா இருக்குது உங்கிட்ட?"ன்னு அக்கா கேட்டாங்க. ஒண்ணுமில்லன்னேன். திரும்பி ஓடினாங்க. வரும்போது ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் பேனர், கயிறு, தறியில உக்காந்து நெய்யிற நீளப் பலகை, எல்லாத்தையும் இழுத்துக்கினு வந்தாங்க. அந்த பேனரை எனக்குத் தெரியும். அவங்க வீட்டு ஓடு ஒழுவும்னு தறிக்கு மேல கட்டி வெச்சிருந்தது.

"அக்கா, பாவு நனையுமே." தறியில ஏத்தின பட்டு நூல் நனைஞ்சா சாயம் எறங்கிடும், எனக்கே தெரியும்.

"பாவு போனா வேற பாவு ஏத்திக்கலாம்மா. நீ ஏறு."

வீட்டுக்காரரோட பேன்ட்டை நைட்டிக்கு உள்ள மாட்டிக்கினு, அவரோட ஏணியைப் பின்பக்க சுவத்துல சாத்தி ஏறினேன். அக்கா கீழ புடிச்சிக்கினாங்க. கூரை விளிம்புக்கு என் நெஞ்சு வந்துச்சி. ஷீட்டு மேல பாசி. கைய வெச்சா வழுக்குது. காத்து என்னைப் பின்னால தள்ளுது. அந்த எடத்துல உறைஞ்சி நின்னுட்டேன். மேலயும் போக முடியல, கீழயும் எறங்க முடியல. கால் தடதடன்னு ஆடி ஏணியே ஆடுது. "ஆண்டவரே, மழையை நிறுத்தும். கொஞ்ச நேரம், நான் மூடுற வரைக்கும் நிறுத்தும். உம்மால முடியும்"னு கத்திக் கேட்டேன்.

மழை நிக்கல. முன்னவிட வேகமாத்தான் வந்துச்சி. எனக்கு அழுகையும் கோவமும் ஒண்ணா வந்துச்சி. இதைக்கூட கேக்க மாட்டீரான்னு நெனச்சேன்.

அப்போ வீட்டுக்குள்ளேர்ந்து, ஓட்டை வழியா ஒரு குரல் வந்துச்சி. "சுகந்தி."

காமாட்சி அக்கா கூப்பிடுறாங்கன்னுதான் முதல்ல நெனச்சேன். அவங்க எனக்குக் கீழ, வெளிய நிக்கறாங்க. மறுபடியும், "சுகந்தி"ன்னு. கரகரத்த குரல். ரொம்ப நாளா உபயோகிக்காத குரல்.

"சொல்லுங்க"ன்னேன். பல்லு அடிச்சிக்குது.

"ஷீட்டு மேல கால் வெக்காத. போல்ட்டு வரிசை தெரியுதா?"

கண்ணத் தொடச்சிக்கினு பாத்தேன். ஷீட்டு மேல வரிசையா போல்ட்டுத் தலைங்க தெரிஞ்சிச்சி.

"அந்த வரிசைக்குக் கீழதான் இரும்பு பைப் ஓடுது. அங்கதான் கூரை தாங்கும். பலகையோட ஒரு முனை இந்த வரிசை மேல, இன்னொரு முனை மேல் வரிசை மேல இருக்கணும். அது மேலதான் நீ போவணும்."

அக்கா பலகையைத் தூக்கிக் குடுத்தாங்க. ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சி கும்பிடுற பலகை அது. அந்த அவசரத்துலயும் அது மேல கால் வெக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சி. அக்காவைப் பாத்தேன். "வைம்மா கால"ன்னாங்க.

பலகை மேல முட்டி போட்டுத் தவழ்ந்தேன். மழை முகத்துல ஊசி மாதிரி குத்துது. கொஞ்ச தூரம் போன பிறகு என் இடது கை பலகையை விட்டு நழுவி ஷீட்டு மேல அழுந்திச்சி. மளுக்குன்னு ஒரு சத்தம். கைக்குக் கீழ விரிசல் ஓடுறதை கண்ணால பாத்தேன். என் உசுரு போயிடுச்சி.

அவருக்கும் அந்தச் சத்தம் கேட்டுடுச்சி. அவரை ஒடச்சிப் போட்ட சத்தம் இல்லையா அது. "எழுந்திருக்காத. படுத்துடு. கைய எடுத்துட்டு பலகை மேல கவுந்து படுத்துடு சுகந்தி"ன்னார். அந்தக் குரல்ல நடுக்கம் இருந்துச்சி. ஆனா நிறுத்தல. "மூச்சு விடு. நான் இருக்கறேன். மூச்சு விடு."

படுத்துக்கினேன். மூச்சு விட்டேன். அப்படியே ஊர்ந்து ஓட்டைகிட்ட போயி எட்டிப் பாத்தேன். கீழ அவரு முகம். மூஞ்சியில மழை கொட்டுது, பிளாஸ்டிக் கவரை விலக்கிட்டு, கண்ணைக்கூட சிமிட்டாம என்னையே பாக்கறார். இத்தனை வாரமா சுவரைப் பாத்துக்கினு இருந்த கண்ணு.

தொங்குற துண்டை எப்படிப் புடிக்கணும்னு அவருதான் சொன்னார். மேல இழுக்கிறதுக்கு முன்னாடி அது ஓரத்துல இருக்கிற போல்ட்டு ஓட்டையில கயிறு கோத்துக் கட்டணும், கட்டின முனையை பைப்புல ஒரு சுத்து சுத்திக்கணும், அப்போ நழுவினாலும் கீழ வராது. என் வெரலு மரத்துப் போச்சி. முடிச்சு ரெண்டு தரம் அவுந்துடுச்சி. போல்ட்டை விட்டு வந்ததும் அந்தத் துண்டு ஒரு தரம் நழுவி ஒரு முழம் எறங்கிச்சி. நான் கத்திட்டேன். கயிறு புடிச்சிக்கிச்சி. அவரு கண்ண மூடல. "விடு, ஒண்ணும் ஆவல, மறுபடியும் தூக்கு"ன்னார். எங்கேர்ந்து பெலன் வந்துச்சோ, ரெண்டு கையால தூக்கி ஓட்டை விளிம்பு மேல ஏத்தி, கயித்தை அவுத்து, அக்காவை ஒதுங்கச் சொல்லிட்டு பின்பக்கம் சறுக்கி விட்டேன். தோட்டத்துல விழுந்து நொறுங்கிச்சி. அது நொறுங்கின சத்தத்தைக் கேட்டதும், "இயேசப்பா"ன்னு வாய்விட்டு அழுதேன். அவரு நெஞ்சு மேல விழ வேண்டியது அது.

அதுக்கப்புறம் பேனரு. மேல் முனையை முகட்டு ஷீட்டுக்கு அடியில சொருவச் சொன்னார், இல்லன்னா தண்ணி பேனருக்கு அடியில போயிடுமாம். செங்கல் வெக்கலாமான்னு அக்கா கேட்டாங்க. வேணாம், காத்துக்கு உருண்டா இன்னொரு ஷீட்டும் போவும், கேரி பேக்ல மண்ணு நெரப்பிக் குடுங்கன்னு உள்ளேர்ந்தே சொன்னார். அக்கா சேத்து மண்ணை வாரி வாரி நெரப்பிக் குடுத்தாங்க. ரெண்டு ஓரத்தையும் கயிறு போட்டு ஜன்னல் கம்பியில கட்டினோம். எறங்கினேன். அக்கா என்னை இடுப்போட புடிச்சி உள்ள கூட்டிக்கினு போனாங்க.

உள்ள சொட்டு சொட்டாத்தான் விழுந்துச்சி. ரெண்டு பேருமா அவரைப் பொரட்டி ஈரத்துணியை மாத்தினோம். தையல் போட்ட எடத்தைப் பாக்கவே எனக்குப் பயம். பிளாஸ்டரைச் சுத்தி லேசா ஈரம், அவ்வளவுதான். அடுத்த நாள் நர்சம்மா வந்து திறந்து பாத்து, உள்ள காஞ்சிதான் இருக்குதுன்னு சொன்னாங்க.

அவரு என் கையைப் புடிச்சிக்கினார். எல்லா வெரலும் ரத்தம். அப்புறம் சொன்னார், "நீ விழுந்துடுவன்னு பயந்துட்டேன். ஜெபம் பண்ணு சுகந்தி. எனக்கு இன்னும் பயமா இருக்குது."

நான் என்ன ஜெபம் பண்ணேன்னு எனக்கே நெனவு இல்ல. கூரை மேல பேனரு படபடன்னு அடிச்சிக்குது, எப்ப பிச்சிக்கினு போவுமோன்னு நடுங்கிக்கினே பண்ணேன். காமாட்சி அக்கா ஈரப் பொடவையோட கையைக் கூப்பிக்கினு நின்னாங்க. முடிச்சப்போ, "ஆமென்"னு அவரு குரல் கேட்டுச்சி.

பேனரு தாங்கிச்சி. சனிக்கிழமை வரைக்கும் விட்டு விட்டு மழை. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சி சபை சகோதரருங்க வந்து புது ஷீட்டு போட்டாங்க. கட்டில்ல படுத்துக்கினே அவருதான் ஒவ்வொண்ணையும் சொன்னார். அந்த பேனரை எங்களுக்குக் குடுத்த அன்னிக்கு அக்கா தறியில பாவு நனஞ்சி, ஒரு பக்கம் சாயம் பரவிடுச்சி. அந்தப் பாகத்தை அறுத்துப் போட்டு மறுபடியும் ஏத்தினாங்க. நான் போய் அழுதப்போ, "உன் ஆண்டவர் உன்னைக் காப்பாத்தினார், என் காமாட்சி அம்மன் என்னை உங்கிட்ட அனுப்பினா, ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினாங்க போல"ன்னு சிரிச்சாங்க. அவங்களை அனுப்பினது என் தேவன்னு எனக்குத் தெரியும். அந்தக் குடும்பத்துக்காகத் தினமும் ஜெபிக்கறேன்.

இப்போ என் வீட்டுக்காரர் கம்பு ஊனி நடக்கறார். பழைய மாதிரி ஏற முடியாது. ஆனா வேலைக்கு ஆள் கூட்டிக்கினு போயி கீழ நின்னு பாத்துக்கறார். பலகை போடாம, இடுப்புல கயிறு கட்டாம ஒருத்தரையும் மேல ஏற விடறதில்ல. சண்டை போடறாங்க, கேலி பண்றாங்க, இவரு விடறதில்ல. போன மாசம் சபையில பாட்டு பாடினார். குரல் இன்னும் முழுசா வரல. பாதியில நின்னு போச்சி. நான் உக்காந்த எடத்துல அழுதுக்கினு இருந்தேன்.

எனக்கு மழைன்னா இன்னும் பயம்தான். மேகம் கறுத்தா முதல்ல கூரையைத்தான் பாப்பேன். அதைச் சொல்ல எனக்கு வெக்கம் இல்ல. மழையை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன், ஆண்டவரு நிறுத்தல. வாரக்கணக்கா சமையல் கட்டுல அழுது கேட்டதை அந்த மழைக்குள்ளயே குடுத்தார். ஏன் அப்படின்னு எனக்கு விளக்கத் தெரியாது. குடுத்தார், அவ்வளவுதான் தெரியும். அவருக்கே ஸ்தோத்திரம்.

உங்க வீட்டுலயும் ஏதோ ஒண்ணு தலைக்கு மேல தொங்கிக்கினு இருக்கலாம். நம்பிக்கை உறுதியான பிறகு ஜெபிக்கலாம், தைரியம் வந்த பிறகு ஜெபிக்கலாம்னு காத்திருக்காதீங்க. கால் நடுங்கிக்கினே கேளுங்க. நான் அப்படித்தான் கேட்டேன்.