லூஸ் காண்டாக்ட் தயாளன் அண்ணன்

தயாளன் அண்ணன் போய்விட்டார்.

இன்று காலை நெஞ்சு வலி என்று வேலூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே... முந்தாநாள்தான் என்னைப் பார்த்து, "இன்னா மேனேஜரே, தொப்பை முன்னாடி வருது, நீங்க பின்னாடி வந்துகினு இருக்கீங்க" என்று சிரித்தார்.

பட்டுக் கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவன் நான். என்னை 'மேனேஜரே' என்று கூப்பிட்ட ஒரே ஆத்மா அவர்.

ஆரணிப் பக்கம் திருவிழா பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியாவிட்டாலும் அவருடைய லைட்டைத் தெரியும். சாரம் கட்டி, அதன்மேல் வீட்டு உயரத்துக்குப் பல்பு மயில்... தவில் அடிக்கு அடி தோகை விரியும்.

ஒரு நிமிட மேளத்துக்கு லைட் புரோகிராம் போட ஒரு நாள் முழுக்க உட்காருவார். பாட்டைக் கேட்கவே மாட்டார். லேப்டாப்பில் சத்தம் மேடும் பள்ளமுமாக ஓடும் கோட்டைப் பார்த்து, மேடு வரும் இடத்திலெல்லாம் லைட்டைப் பொருத்திக்கொண்டே போவார். எல்லாம் முடிந்தபிறகு ஒரே ஒரு தடவை ஹெட்போன் போட்டுச் சரிபார்ப்பார்.

ஒரு முறை களம்பூர் திருவிழாவில் முன் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, லைட் ஒரு நூல் பிந்தி எரிவதைக் கண்டுபிடித்தேன். பெரிய நிபுணன் மாதிரி போய்ச் சொன்னேன்.

"பின்னாடி போய் நின்னு பாருங்க மேனேஜரே. வெளிச்சம் ஜல்தியா போயிடும், சத்தம் நடந்துதான் வரும். கடைசில நிக்கறவங்களுக்குச் சரியா இருக்கணும்னு வச்சிருக்கேன். சேர் போட்டு உட்கார்ந்தவங்களுக்குக் கொஞ்சம் பிசகினா இன்னா இப்போ?"

போய் நின்றேன். அடியும் ஒளியும் ஒன்றாக வந்தன. வாயை மூடிக்கொண்டு திரும்பினேன்... அத்தோடு மூடியே வைத்திருக்கலாம்.

ஏனென்றால் அடுத்த ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயில் திருவிழா. நம்ம ஊர் மேளக்காரர்கள் வாசித்ததற்கே மயில் ஆட வேண்டும் என்று முடிவானது. புது போன் வைத்திருந்த பாவத்துக்கு, ரெக்கார்டு பண்ணும் வேலை எனக்கு.

கமிட்டித் தலைவர் வேறு யாருமில்லை, என் முதலாளி. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு... மேடையில் தனக்குப் போர்த்த வேண்டிய சால்வையைத் தன் கடையிலிருந்தே முன்கூட்டி அனுப்பிவிட்டு, போர்த்தும்போது ஆச்சரியப்படுவார். பேக் பண்ணித் தருகிறவன் நான்தான்.

ரெக்கார்டிங் பட்டனை அழுத்திவிட்டேன். தவில்காரர் இன்னும் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சும்மா இருப்பேனா? முதலாளி குரலில் ஆரம்பித்தேன். "டேய், அந்தப் பச்சைச் சால்வைய மேடைக்குப் பின்னாடி வைடா... நான் பார்க்கல... பார்க்கல... ஐயோ, எனக்கா! எதுக்குங்க இதெல்லாம்!"

நாற்பது வினாடி. அப்புறம் மேளம். கேட்டுக்கூடப் பார்க்காமல் அப்படியே தயாளன் அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன்.

திருவிழா அன்று சாயங்காலம், ஆரம்பிக்க அரை மணி நேரம் இருக்கும்போது, "மேனேஜரே, இங்க வாங்க" என்று என் காதில் ஹெட்போனை மாட்டினார்.

என் குரல். ஹெட்போனைப் பிடுங்கிக் கழற்றினேன்.

"அண்ணே, அழிச்சிடுண்ணே!"

"லைட் புரோகிராம் கார்டுல ஏத்தி, மேல பாக்ஸ்ல மாட்டியாச்சு. முதல்லேர்ந்துதான் ஓடும், திருப்பிப் போட ரெண்டு நாளு ஆவும். சத்தத்தை மட்டும்தான் இப்போ வெட்ட முடியும்."

"அப்போ லைட்டு?"

"அது ஆடும். நீங்க பேசுன பேச்சுக்கு."

முன் வரிசையில் முதலாளி. மேடைக்குப் பின்னால் நான் பேக் பண்ணிய சால்வை. என் பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. அந்த வேலையை விட்டால் எனக்கு வேறெதுவும் தெரியாது.

தயாளன் அண்ணன் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். வெட்டிவிட்டார்.

மயில் ஆடியது... சத்தமே இல்லாமல். கழுத்தை ஆட்டியது, கண்ணைச் சிமிட்டியது. 'எனக்கா!' வந்த இடத்தில் தோகை முழுசாக விரிந்தது. ஊரே "சவுண்டு! சவுண்டு!" என்று கத்தியது.

முதலாளி மைக்கைப் பிடித்தார். "இன்னாய்யா தயாளா, ஒயர் லூசா?"

அத்தனை பேர் எதிரில் தயாளன் அண்ணன் கைகூப்பினார். "ஆமாங்க. லூஸ் காண்டாக்டு."

அதற்குப் பிறகுதான் மேளம் வந்தது. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்த வருஷம் போளூர்க்காரர்கள், "அந்த லூஸ் காண்டாக்ட் ஆளா? வேணாம்பா" என்று வேறொருவரைப் பிடித்தார்கள்.

கேள்விப்பட்டு ஓடினேன். நானே போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன்.

"பேஜார் பண்ணாதீங்க மேனேஜரே. எனக்குப் போளூர் இல்லனா வந்தவாசி. உங்களுக்கு அந்தக் கடை இல்லனா?" பிறகு ஒரு சிரிப்பு. "ஆனா ஒண்ணு. 'எனக்கா'ல மயிலு நல்லா விரிஞ்சிச்சு."

நானும் சொல்லவில்லை. அவருடைய கடைப் பக்கம் போகும்போதெல்லாம் டெஸ்டரை மைக் மாதிரி பிடித்து "எனக்கா!" என்பார். அதற்கும் சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

இன்று மத்தியானம் முதலாளி தயாளன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கையில் பட்டுச் சால்வை... நான் பேக் பண்ணியதுதான். தயாளன் அண்ணன் மேல் போர்த்தினார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தார். "நல்ல தொழில்காரன்... அந்த லூஸ் காண்டாக்ட் ஒண்ணுதான் அவனுக்குக் கெட்ட பேரு" என்றார்.

அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

அதனால் இதை எழுதுகிறேன். முதலாளி, நீங்கள் முகநூலில் இருக்கிறீர்கள் என்று தெரியும். போளூர் நண்பர்களும் படியுங்கள். அன்றைக்கு ஒயரெல்லாம் சரியாகத்தான் இருந்தது. லூசாக இருந்தது என் வாய்.

நாளைக்குக் கடைக்குள் விடுவார்களா, தெரியவில்லை. வாசல் வரைக்கும் போவேன்.

போய் வாங்க தயாளன் அண்ணே. கடைசி வரிசையில்தான் நிற்கிறேன்... எல்லாம் சரியாகத் தெரிகிறது.