தலைதட்டி அளந்த பால்மா

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கூட்டுறவுச் சங்கக் கடை திறந்தபோது நாங்கள் எல்லோரும் ஒரே நாளில் முதலாளிகள் ஆனோம். காலையில் கொழுந்து எடுக்கப் போகும்போது மட்டும் பழையபடி கூலிகள். கடைச் சுவரில் கொள்கையைப் பெரிதாக எழுதி வைத்தார்கள்: கடை நம்முடையது, இங்கே எல்லோரும் சமம். வாசிக்கத் தெரியாதவர்களுக்குச் சங்கத் தலைவர் வாசித்துக் காட்டுவார். மண்ணெண்ணெய் வாங்கப் போனவர்கள் கொள்கையைக் கேட்காமல் திரும்ப முடியாது.

கேலி செய்கிறேனே தவிர, அந்தக் கொள்கைக்குக் காரணம் இருந்தது. கந்தப்பளை டவுன் கடையில் தட்டுப்பாடான சாமான் எது வந்தாலும் பின்வாசல் வழியாகப் பெரிய வீடுகளுக்குப் போய்விடும். முன்வாசலில் நனைந்துகொண்டு நிற்கும் எங்களுக்கு "முடிஞ்சிருச்சு" என்ற பதில்தான் மிஞ்சும். அதனால்தான் எங்கள் கடையில், குறைவாக வருவது எதுவானாலும் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு என்று முடிவு செய்தார்கள். நானும் கைதட்டினேன்.

மூத்த மகளைப் பெற்ற கொஞ்ச நாளில் எனக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. கஞ்சித் தண்ணீரைக் கொடுத்தால் கக்கினாள். அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். தோட்டத்து டாக்டர் ஐயா பால்மா கொடுக்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் கடைக் கமிட்டியில் இருந்ததால் சொல்லிவைத்தார். ஒருவழியாக நுவரெலியாவிலிருந்து ஒரு டின் வந்தது. ஒன்றே ஒன்று. நான் சுடுதண்ணீர் வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் வந்தார். கையில் டின் இல்லை. பத்திரிகைத் தாளில் மடித்த ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது.

"என்னங்க இது?"

"நம்ம பங்கு."

"டின்னு எங்க?"

"ஒடைச்சுப் பங்கு வைக்கிறோம் புள்ள. கமிட்டிக்காரன் வீட்டுக்கு முழு டின்னு போனா, டவுன் கடைக்கும் நம்ம கடைக்கும் என்னா வித்தியாசம்? நான்தான் மொதல்ல கை தூக்குனேன். கரண்டியத் தலைதட்டி அளக்குறோம், ஒரு பொட்டு கூடக் கொறைய இல்ல."

முகத்தில் அப்படி ஒரு பெருமை. அந்த மனுஷரோடு சண்டை போட எனக்கு நேரமில்லை. பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு நிற்பதுபோல, லயம் லயமாக, வீட்டுக்கு ஒருவர் வரிசையில் நின்றார்கள். பொட்டலம் வாங்கிய பெரியவர்கள் விரலால் தொட்டு நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையைத் தராசுக்குப் பக்கத்தில் கிடத்தினேன்.

"இவளும் மொதலாளிதானே? இவ பங்கையும் குடுங்க."

தலைவர் பிள்ளையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். "வீட்டுக்கு ஒரு பங்குதான் தாயி. ஒங்க வீட்டுக்காரரு வாங்கிட்டாருங்களே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சுவரையே இடித்திருப்பேன். அதற்குள், என்னோடு ஒரே மலையில் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருத்தி வரிசையிலிருந்து வந்து, தன் பொட்டலத்தைப் பிரித்து டின்னுக்குள்ளேயே கொட்டினாள்.

"ஏங்க தலைவரே, எம்பங்க நான் யாருக்கு வேணுன்னாலும் குடுக்கலாம்ல?"

அதற்குக் கொள்கையில் தடை ஏதும் இல்லை. அடுத்தவள் கொட்டினாள். அதற்கடுத்தவள் கொட்டினாள். வீட்டுக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். ஏற்கெனவே தேத்தண்ணியில் கலந்து குடித்துவிட்டவர்கள் மட்டும் என் கண்ணில் படாமல் ஒதுங்கினார்கள். டின் முக்கால்வாசி நிறைந்தது. அன்று மாலை என் மகள் சத்தமாக அழுதாள். அதைக் கேட்டு நானும் அழுதேன்.

அந்த வருஷப் பொதுக்கூட்டத்தில் தலைவர் இதையே பேச்சாகப் பேசினார். சமமாகப் பங்கிடும் நம் கொள்கை ஓர் உயிரைக் காப்பாற்றியது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரையும்விட அதிக நேரம் தட்டியவர் என் வீட்டுக்காரர். அந்தச் சத்தத்தில் மடியில் தூங்கிய மகள் விழித்து வீறிட்டாள். கூட்டத்துக்கு இடைஞ்சல் என்று எங்கள் இருவரையும் வெளியே போய் இருக்கச் சொன்னார்கள்.