நாலு மணி பஸ்ஸில் போன முதலிடம்

என் பெயர் பத்திரிகையில் ஒரேயொரு தடவைதான் வந்திருக்கிறது. அது பொய்ச் செய்தி.

இந்த ஆடிப்பிறப்பன்று, கனடாவில் இருக்கும் சித்தப்பா அந்தப் பழைய பத்திரிகைத் துண்டைப் படமெடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டார். மேலே, "எங்கடை வீட்டு ஓட்டக்காரி" என்று எழுதியிருந்தார். கூழும் கொழுக்கட்டையும் படம் படமாக வந்துகொண்டிருந்த இடத்தில் கைதட்டல்கள் வந்து குவிந்தன. நான் கூச்சக்காரி. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் பார்க்கிற இடத்தில் ஒரு வரி எழுதவும் எனக்குக் கை வராது. ஆனால் அன்று வந்த ஆத்திரத்தில் போனைக் கிணற்றில் எறியாமல் விட்டதே பெரிய காரியம்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. எங்கள் தீவு ஊரான சரவணையில் விளையாட்டுக் கழகத்துக்குச் சித்தப்பாதான் செயலாளர். அதைவிடப் பெரிய பதவி ஒன்றையும் அவர் தனக்குத் தானே கொடுத்திருந்தார். யாழ்ப்பாணப் பத்திரிகைக்கு ஊர் விளையாட்டுச் செய்தி எழுதி அனுப்புவார். உறையில் போட்டு நாலு மணி பஸ் கொண்டக்டரிடம் கொடுத்தால் அவர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். அதை விட்டால் மறுநாள் காலைதான் பஸ். ஆடிப்பிறப்பு ஓட்டப்போட்டியோ வெயில் தணிந்து ஐந்து மணிக்குத்தான் தொடங்கும். செய்தி பழசாகிவிடுமே என்பது சித்தப்பாவின் கவலை. அதனால் வென்றவர்களின் பெயர்களை அவர் மத்தியானமே எழுதிவிடுவார்.

அந்த வருடமும் குசினியில் அம்மா கூழுக்குப் பனங்கட்டி கரைத்துக்கொண்டிருக்க, சித்தப்பா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதினார். நான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். சிறுமிகள் நூறு மீற்றர், முதலாமிடம், என் பெயர்.

"சித்தப்பா, இன்னும் ஓடேல்லையே?"

"போன வரியமும் நீதானே வந்தனீ? ஓடுறது உன்ரை வேலை, எழுதுறது என்ரை வேலை. போ, போய்த் தேங்காய்ச் சொட்டுக் களவெடுத்துத் தின்."

முதலாவதாக வருகிறவளை அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் நடக்கும் பெரிய போட்டிக்குக் கூட்டிப்போவதாகக் கழகம் சொல்லியிருந்தது. நான் யாழ்ப்பாணத்துக்குப் பலமுறை போய் வந்தவள். பவளம் ஒருமுறைகூடப் போனதில்லை. பவளம் என் வகுப்பு. அவளுடைய அப்பா எங்கள் வளவுப் பனைகளில் ஏறுகிறவர். பஸ் கடலுக்கு நடுவே போகும் கோஸ்வே வீதியில் போகும்போது இரண்டு பக்கமும் கடல் தெரியுமா என்று பள்ளிக்கூடத்தில் என்னை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அந்த வருடம்தான் எங்கள் ஆசிரியை ஒருவர் பிடிவாதமாக நின்று அவளையும் ஓட்டக் கோட்டில் நிறுத்தினார்.

தரவை வெளியில் விசில் ஊதியதுதான் எனக்குத் தெரியும். பிறகு கண்டதெல்லாம் பவளத்தின் முதுகுதான். நான் கயிற்றைத் தொட்டபோது அவள் திரும்பி நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். பரிசாக அவளுக்கு ஒரு பச்சைச் சவர்க்காரப் பெட்டி கொடுத்தார்கள். சித்தப்பாவும் கைதட்டினார். அவருடைய செய்தி அந்த நேரம் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஓடிய பிள்ளைகளுக்கெல்லாம் அன்று எங்கள் வீட்டில்தான் கூழ். நாங்கள் விறாந்தையில் வரிசையாக இருந்து வெண்கலக் கிண்ணத்தில் குடித்தோம். பவளத்துக்கு மட்டும் அம்மா பின்வளவில், கிணற்றடிக்கு அப்பால், பச்சைப் பனையோலையில் கோலிய பிளாவில் உயரப் பிடித்து வார்த்தார். ஓலை வாசத்தோடு கூழ் எப்படி இருக்கும் என்று எனக்கு வாயூறியது. எனக்கும் பிளா வேண்டும் என்று கேட்டேன். அம்மா என் தொடையில் நுள்ளினார். நான் அழுதேன். வென்றதும் அவள், பிளாவும் அவளுக்கா என்று நினைத்து அழுதேன்.

இரண்டு நாளில் பத்திரிகை வந்தது. முதலாமிடத்தில் என் பெயர். பவளத்தின் பெயர் எந்த இடத்திலும் இல்லை. சித்தப்பா திருத்தம் அனுப்பவில்லை. அனுப்பினால் மத்தியானமே எழுதியது வெளியில் வந்துவிடும்.

யாழ்ப்பாணம் போகும் நாள் காலை சித்தப்பாவும் நானும் பஸ்ஸுக்கு நின்றோம். பவளம் வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி, தோய்த்த சட்டை போட்டிருந்தாள். கையில் அந்தச் சவர்க்காரப் பெட்டி. அத்தாட்சிக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

"ஐயா, நான்தானே முதல் வந்தனான்."

"அது ஊரிலை, பிள்ளை. யாழ்ப்பாணத்திலை பேப்பரைத்தான் பாப்பினம். பேப்பரிலை ஆரின்ரை பேர் கிடக்கோ அவதான் போகலாம்."

"அப்ப பேப்பர்க்காரருக்குச் சொல்லுங்கோவன், ஐயா."

"அவை பிழையாப் போட்டதுக்கு நான் என்ன செய்ய ஏலும்?"

இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு சுழிப்புக்கூட இல்லை. பவளம் என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லன். ஆர் முதல் வந்தது?"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"உனக்குத்தானே அம்மா பிளாவிலை கூழ் வாத்தவ. எனக்குத் தரேல்லைத்தானே. அப்ப இது எனக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதோடு எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பா என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி" என்றார்.

அந்தக் கையை இன்றைக்கும் என் தலையில் உணர்கிறேன். உணரும்போதெல்லாம் எரிகிறது. சித்தப்பாவின் மேல் கோபம். எங்கள் கிண்ணத்தில் அவள் வாய் படக்கூடாது என்று ஓலை கோலிய அம்மாவின் மேல் கோபம். சிரித்தவர்களின் மேல் கோபம். அம்மா இப்போது இல்லை, கேட்பதற்கு. பவளம் எந்த நாட்டில் இருக்கிறாளோ, இருக்கிறாளோ இல்லையோ, அதுவும் எனக்குத் தெரியாது. யுத்தத்தில் இடம்பெயர்ந்த பிறகு அவர்கள் ஊருக்குத் திரும்பவில்லை.

யாழ்ப்பாணத்தில் நான் கடைசியாக வந்தேன். சித்தப்பா ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். அதைத் தின்னும்போதுகூட எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அன்று காலை பஸ் வெளிக்கிட்டபோது யன்னலால் பார்த்தேன். பவளம் சவர்க்காரப் பெட்டியை நெஞ்சோடு பிடித்தபடி அதே இடத்தில் நின்றாள். அழவில்லை. நான் சொன்ன நியாயம் அவளுக்கு விளங்கிவிட்டது என்று நினைத்து, நான் அவளுக்குக் கை காட்டினேன்.